சாப்பாட்டு அறையின் கூரைக் காகிதம்

மைதாப் பசையை மிதமான சூட்டில் கிளற வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். இதிலிருந்து தொடங்குவதற்கு அதிகாரி அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். முதலிலிருந்து சொல்லுமாறு தாங்கள் பணித்தீர்கள்; என்னைப் பொறுத்தவரை முதல் என்பது அந்தப் பசைதான். தமிழில் சொல்ல அனுமதித்தமைக்கும், மொழிபெயர்க்கும் அம்மையாரை வரவழைத்தமைக்கும் நன்றி. அவருக்கு இயன்றவரை தொல்லை தராமல் பேசுகிறேன்.

என் பெயர் நெடுஞ்செழியன். நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தில் கணிப்பொறி வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1995இல், மெட்டச்சன் ரயில் நிலையத்துக்கு அருகில் நூறாண்டு பழைய வீடு ஒன்றை நானும் என் மனைவி வான்மதியும் வாங்கினோம். பக்கத்து ஊரான எடிசனில் புது வீடு வாங்கிய நண்பர்கள் வந்து பார்த்தார்கள். "ஏம்ப்பா, ஓட்டை வீட்ல இருக்கறதுக்கா ஃப்ளைட் ஏறி வந்தே?" என்று சிரித்தார்கள்.

அவர்களில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சாப்பாட்டு அறையின் உட்கூரை முழுவதும், வீடு கட்டிய நாளிலேயே ஒட்டிய காகிதம் இருந்தது. சந்தன நிறம். கையால் தடவினால் தெரியும்படி புடைத்த கொடிகள். கொடிகளுக்கு நடுவே மங்கிய பொன்னிற நட்சத்திரங்கள். ஊரில் பழைய வீடுகளைப் போற்றும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவி ஒருநாள் வந்தார்; அண்ணாந்தார்; நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். மே மாதம் ஊர் மக்கள் சுற்றிப் பார்க்கும் வீடுகளில் எங்கள் வீட்டையும் சேர்ப்பதாகச் சொன்னார். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. எனக்குச் சொந்தமான ஒன்றைப் பார்த்து ஓர் அமெரிக்கர் பேச்சிழந்தது அதுவே முதல் முறை. இதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற அக்டோபரில் என் மாமனார் திரு. கந்தசாமி அவர்கள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தார். தங்கமான மனிதர். அவர்மீது எனக்கு எந்தக் காலத்திலும் மனத்தாங்கல் இருந்ததில்லை. அவருக்கு மாடி அறையையும் அதை ஒட்டிய குளியலறையையும் ஒதுக்கினோம்.

இந்நாட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

"அப்பா, டப்புக்குள்ள நின்னு ஷவர்ல குளிங்கப்பா" என்று வான்மதி சொல்லிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, தொட்டியில எறங்கறதுக்கு நானென்ன எருமையா? ஒரு பக்கெட்டும் மக்கும் குடு, போதும்."

ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் பக்கெட்டும் மக்கும் கிடைத்தன. அன்று முதல் தினமும் அவர் தரையில் நின்று, தலைவழியே ஊற்றி, நிறைவாகக் குளித்தார். பிறகு தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வருவார். அந்த மூலைக்கு நேர் கீழேதான் சாப்பாட்டு அறை.

ஜனவரியில் கூரைக் காகிதத்தில் விரிசல் விட்டது. வேலையை நானே செய்தேன். விளிம்பை ஈரப் பஞ்சால் ஒற்றி இளக்க வேண்டும். மெல்லிய கத்தியால் தூக்கி, உள்ளே பசை தடவி, பழைய இடத்தில் படிய வைத்து, சிறிய உருளையால் நீவ வேண்டும். "லீவு போட்டுட்டு சினிமா போஸ்டரா ஒட்டறீங்க?" என்று வான்மதி கேலி செய்தாள். மாமாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துங்க மாப்பிள்ளை, விழுந்துறாதீங்க."

காகிதத்தைத் தூக்கியபோது பின்னாலிருந்த பூச்சும் உதிர்ந்தது. உள்ளே குளியலறைத் தரையைத் தாங்கும் உத்தரம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். டீயில் நனைத்த ரொட்டிக்குள் போவதுபோல் விரல் உள்ளே போயிற்று.

"என்னங் மாப்பிள்ளை தெரியுது?"

"ஒண்ணுமில்லைங்க மாமா. தூசிதான்."

தச்சர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். உத்தரத்தை மாற்றலாம், ஆனால் அதற்கு உட்கூரை முழுவதையும் இடித்து இறக்க வேண்டும் என்றார். நன்றி கூறி வைத்துவிட்டேன். பசையைத் தடவி, காகிதத்தை ஒட்டி, தேய்ந்த நட்சத்திரங்களுக்கு வண்ணம் தீட்டினேன். வெகு நேர்த்தியாக அமைந்தது.

மாமனாரிடம் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்டீர்கள். பெண் கொடுத்தவரிடம், 'நீங்கள் குளிக்கும் முறை சரியில்லை' என்று மருமகன் எப்படிச் சொல்வது? ஏப்ரலில் அவருக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருந்தது. அதுவரை உத்தரம் பொறுத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். இதில் யாருக்கும் தீங்கு நினைத்ததாகச் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் அவரே என்னிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை, பாத்ரூம்ல காலு வெச்சா தரை மெத்து மெத்துன்னு அமுங்குதுங்களே?"

"இந்த ஊர்ல அப்படித்தானுங்க மாமா. கால் வலிக்கக் கூடாதுன்னு அடியில ஸ்பாஞ்ச் வெச்சிருப்பாங்க."

"அடேங்கப்பா! வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தானுங்."

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதும் அந்தத் தரையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு மாலை, நான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அப்பாவுக்கு விசா எக்ஸ்டென்ட் பண்ண அப்ளை பண்ணிட்டேன். இன்னும் ஆறு மாசம் நம்மகூடத்தான்" என்றாள் வான்மதி.

"மாப்பிள்ளைக்குத்தான் சிரமம்" என்றார் மாமா.

"சிரமம் என்னங்க மாமா, இது உங்க வீடு" என்றேன்.

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய் அண்ணாந்து நின்றேன். ஆறு மாதத் தண்ணீர் இறங்கினால் காகிதம் முழுவதும் போய்விடும். ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை விழுந்தால், போவது ஒரு மூலை மட்டும். மூலையைச் சீர்செய்ய எனக்குத் தெரியும். மே மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

தாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது மேசையைப் பற்றி. ஆம், மறுநாள் சாப்பாட்டு மேசையை முன்னறைக்கு நகர்த்தியவன் நான்தான். கார்ப்பெட்டைச் சுத்தம் செய்வதாக வான்மதியிடம் சொன்னேன். உண்மையில், விழுபவரின் தலையில் மேசை விளிம்பு பட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான். அவர் நலனில் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அன்றே ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் அவருக்குப் பெரிய பக்கெட் ஒன்றும் வாங்கி வந்தேன். பழையது சிறியதாக இருக்கிறதென்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். புதியதைப் பார்த்ததும், "பெத்த புள்ளை கூட இப்படிப் பாத்துக்காதுங்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வான்மதி யோகா வகுப்புக்குப் போயிருந்தாள். நான் காப்பியுடன் சாப்பாட்டு அறையின் வாசலில் நின்றிருந்தேன். மேலே பக்கெட் நிரம்பும் ஓசை கேட்டது. குழாயை மூடினார். ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றிய ஓசை. பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். நான் எதிர்பார்த்ததைவிட ஓசை குறைவாகவே இருந்தது.

அவர் சுண்ணாம்புத் தூளுக்கும் உடைந்த பலகைகளுக்கும் நடுவே கிடந்தார். நான் முதலில் அண்ணாந்து பார்த்தேன். கணக்குப் பிசகவில்லை; மூலை மட்டும்தான் போயிருந்தது. அதன்பின் அவரருகில் மண்டியிட்டேன். நான் வண்ணம் தீட்டிய நட்சத்திரம் ஒன்று அவர் நெற்றியில் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. ஆம்புலன்சை அழைக்க ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டீர்கள். அவர் பேச முயன்றுகொண்டிருந்தார். பெரியவர் பேசும்போது எழுந்து போவது முறையில்லை அல்லவா?

"மாப்பிள்ளை..." என்றார். கண்கள் மேலே அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. "உங்க காயிதம்... கிழிஞ்சு போச்சுங்களே."

"பரவாயில்லைங்க மாமா" என்றேன். "காகிதந்தானே."

வாழ்நாளில் நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.