பார்த்த மாடு

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போனில்தான் பேசுகிறான். குரல் சுவர் வழியாக ஒரு தடவை வருகிறது, போன் வழியாக ஒரு தடவை. இரண்டு தடவை கேட்டும் விஷயம் ஒன்றும் இருப்பதில்லை. நீங்கள் அப்படியில்லை. வண்டி பிடித்து, சாணியை மிதித்து, என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

மாட்டு டாக்டரம்மா போனில் சொன்ன வைத்தியத்தால்தான் என் மாப்பிள்ளை செத்தார் என்று என் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாவின் உரிமத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். நல்லது.

ஒரு தடவையாவது நேரில் பார்த்த மாட்டுக்குத்தான் போனில் வைத்தியம் சொல்லலாம். பார்க்காத மாடு என்றால் டாக்டர் புறப்பட்டு வந்தாக வேண்டும். உங்கள் ஆட்கள் போட்ட விதிதான். எந்த மாடு என்று தெரிவதற்குக் காதில் ஒரு மஞ்சள் வில்லை. வீடியோ போனில் மாட்டைக் காட்டி அதிலிருக்கும் எண்ணைச் சொன்னால் போதும், "ஓ, நம்ம செவலையா" என்பார் அந்த அம்மா.

அவர் பார்த்த செவலை வயதாகிச் செத்துவிட்டது. அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினேன். பழையதன் வில்லையைப் பக்குவமாகக் கழற்றிப் புதியதன் காதில் மாட்டினேன். அந்த அம்மா வந்து புது மாட்டைப் பார்த்துவிட்டுப் போனதாக மாப்பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். ஏமாற்ற அல்ல. போனில் என்னதான் தெரிகிறது என்று பார்க்க. ஒன்றும் தெரியவில்லை. கொம்பு வேறு, நெற்றிச் சுழி வேறு. "செவலை நல்லா தேறிடுச்சே ஐயா" என்றார் சிரித்த முகமாக. நான் பல மாதம் வயிற்றுக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். சமயம் பார்த்து மாப்பிள்ளையிடம் போட்டு உடைக்கலாம் என்று வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை தங்கமானவர். எங்கள் வீட்டோடு இருந்தவர். ஆனால் நான் ஒன்று சொன்னால் ஏன், எதற்கு என்று குடைவார். டாக்டரம்மா சொன்னால் கேள்வியே கிடையாது. "எதுக்கும் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடுவோம் மாமா." மழை வருமா என்பதை மட்டும்தான் அந்த அம்மாவிடம் கேட்கவில்லை.

ஒரு நாள் செவலை தீனியைத் தொடவில்லை. நூல் நூலாக எச்சில் ஒழுகியது. தொட்டித் தண்ணீரில் வாயை வைக்கும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளை போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார்.

"இது நான் பார்த்த மாடுதானே ஐயா?"

"பார்த்த மாடுதான்."

"நாய் ஏதும் கடிச்சுதா?"

"இல்லம்மா."

முன்பு ஒரு நாய் அதன் மூக்கைக் கவ்வியது உண்மைதான். ஆனால் காயம் ஆறிவிட்டது. ஆறிய காயத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்?

"நம்ம செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி நானே போட்டிருக்கேன். அதுவா இருக்காது. இருந்தாலும் யாரும் வாயில கை விட்டுடாதீங்க. காலையில மறுபடி காட்டுங்க."

மாப்பிள்ளை கயிற்றோடு வந்தார். "என்ன சொன்னாங்க மாமா?"

"கையை விட்டுப் பார்க்கச் சொன்னாங்க."

உடனே சட்டைக் கையைச் சுருட்டினார். நான் சொல்வதாகச் சொல்லியிருந்தால் விவாதத்திலேயே பொழுது போயிருக்கும். முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. பல் பட்டு விரல் கிழிந்தது, கழுவிக்கொண்டார். மறுநாள் மாடு செத்தது. புதைத்தோம்.

அன்றைக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார். "எனக்குச் சரியாப் படலை ஐயா. யாராவது கை விட்டிருந்தா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும். இப்பப் போட்டா பொழைச்சுக்கலாம். நோய் தெரிய ஆரம்பிச்சப்புறம் யாராலயும் முடியாது."

"யாரும் விடலைம்மா" என்றேன்.

சாயந்திரம் மாப்பிள்ளை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "போன்ல பார்த்துச் சொல்றதெல்லாம் சரிவராது போல மாமா. நீங்க சொன்னதுதான் சரி."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. இரண்டு பேரும் ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஊசி, ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால் பேச்சு மறுபடி அந்த அம்மாவிடம்தான் போய் நிற்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அவர் என் பக்கமே பேசினார். மாடு வாங்குவதற்கு என்னை யோசனை கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் வீடு சந்தோஷமாக இருந்தது. மகளைக் கேட்டாலும் சொல்வாள்.

பிறகு ஒரு காலை மகள் தண்ணீர் கொடுத்தாள். அவர் டம்ளரை வாய் வரை கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, சூடா இருக்கா?" என்றாள் மகள்.

சூடு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் போனில் பார்க்கவில்லை, நேரில் தொட்டே பார்த்தார். அவராலும் காப்பாற்ற முடியவில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

"மாட்டு வாயில கை விடச் சொன்னது யாருப்பா?" என்று மகள் கேட்டாள். டாக்டரம்மா என்றேன். புருஷனை இழந்தவளுக்கு அப்பனாவது மிஞ்ச வேண்டாமா?

சுற்றி வளைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். வில்லையை மாற்றினேன், கடியை மறைத்தேன், கையை விடச் சொன்னது நான்தான். பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

புது மாடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா அன்றைக்கே வந்திருப்பாரே என்கிறீர்கள். வந்திருப்பார், விதி விரட்டினால் யாரும் வருவார்கள். அக்கறை இருந்திருந்தால் நான் சொன்னதை நம்பாமல் வந்திருக்க வேண்டும்.

நான் எழுந்திருக்கிறேன். கறவை நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பார்த்த வேலை, இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த உரிமத்தைப் பறித்துவிடுவதுதான் நல்லது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற டாக்டர் நாலு பேருக்கு ஆகாது.