மலைக்குப் போன றைஸ் குக்கர்

— ஏன் மோனை றஜீவ், குசுகுசுக்கிறாய்? அடிலெயிட்டிலை எனக்கு விடிஞ்சிட்டுது. லண்டன் ஸ்ட்ரெதமிலை இப்ப நடுச்சாமமெல்லோ?

— ஓம் பெரியப்பா. அப்பா மேலை படுத்திருக்கிறார். அவரின்ர கட்டிலடியிலும் இதே லைனிலை ஒரு போன் இருக்கு, எடுத்தால் எல்லாம் கேக்கும்.

— நாலு வருசமா என்னோடை கதையாதவன். அவனுக்குத் தெரியாமலோ எடுக்கிறாய்?

— நாளைக்கு அவருக்கு இருதய ஒப்பரேசன். எனக்குப் பயமாக் கிடக்கு.

— ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

— பெரியப்பா, நாங்கள் உங்களிட்டை வந்தநேரம் அந்தப் பாலைவன மலைக்குப் போனது ஞாபகமோ?

— மறப்பனோ? மூண்டு நாள் வான் வண்டியிலை. நீ றோட்டு மப்பைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு எனக்கு வழி சொன்னனீ.

— பள்ளத்தாக்குக்குள்ளை இறங்க, ரெண்டு பக்கமும் கல்லு சுவர் மாதிரி. பின்னேரம் அப்பிடியே சிவந்துது. நீங்கள் "ராஜா" எண்டு அப்பாவைக் கூப்பிட, மலையும் மூண்டு தரம் கூப்பிட்டுது. அப்பா சிரிச்சுச் சிரிச்சு இருமினவர். பிறகு அவர் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை.

— அடுத்த நாள்தானே காய்ஞ்ச ஆத்து மணலுக்கை வான் புதைஞ்சது. தண்ணி முடிஞ்சு கொம்மா மயங்கி விழுந்திட்டா. "தண்ணிக் கானை விட்டிட்டு வந்து என்ர மனுசியைக் கொல்லப் பாத்தாய்" எண்டான் கொப்பன். இஞ்சை பார், அவனிலை பிழையில்லை. சாமான் ஏத்தினது நான். தண்ணிக் கானை மறந்திட்டன்.

— நீங்கள் மறக்கேல்லை.

— என்ன சொல்லுறாய்?

— நீங்கள் ஏத்தினீங்கள். நான்தான் இறக்கி உங்கட கராஜுக்கை வைச்சனான். அம்மான்ர றைஸ் குக்கருக்கு இடம் காணேல்லை. சோறில்லாமல் ஒரு இடமும் வரமாட்டன் எண்டு நிண்டவ. பயணத்தையே விட்டிடுவினமோ எண்டு பயந்திட்டன். அப்ப எனக்குப் பதினொரு வயசு.

— பாலைவனத்திலை அதுக்கு எங்கை மோனை கறண்ட் பிளக்?

— அதை ஒருத்தரும் யோசிக்கேல்லை.

— திரும்பி வந்து பாக்க, கான் கராஜுக்கை கிடந்துது. ஏத்தின மாதிரியும் ஒரு ஞாபகம். எனக்கு மூளை பிசகிட்டுதாக்கும் எண்டு எத்தினை ராத்திரி நித்திரையில்லை.

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியப்பா. நாளைக்கு ஏதும் நடந்தால், அப்பா உங்களிலை கோவத்தோடையே போயிடுவார். என்னாலை.

— அழாதை. விடிய அவனிட்டைச் சொல்லு.

— கேட்டு அவரின்ர நெஞ்சுக்கு ஏதும் செய்தால்?

— பொறு. ஆரோ இருமினது கேட்டுது. நீயோ?

— நானில்லைப் பெரியப்பா.

— ராஜா?

— ஓம், அண்ணை.