உச்சிக் கிளையில் ஒன்று

மேடையில் வீற்றிருக்கும் கோயில் குருவே, ஊர்த்தலைவர் நரிதா அவர்களே, வேட்டைக்காரர் சங்கத்து மூத்தவர் குடோ ஐயா அவர்களே, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஹிராநுமா ஊர்ப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் கினுயோ அம்மையாரின் மகளே மிசுஹோ, எல்லோரையும் வணங்குகிறேன்.

இந்த மண்டபத்தின் பின்கதவைத் தாழிடச் சொன்னது நான்தான். கதவுக்கு அந்தப் பக்கம் புதர், புதருக்கு அந்தப் பக்கம் மலை. எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை, அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு மிசுஹோ என்னிடம் ஒன்று கேட்டாள். "எங்க வீட்டு மரத்துல மிச்சம் இருக்கிற பழத்தைப் பறிச்சுக்கோங்க மாமா. உச்சியில ஒண்ணே ஒண்ணு மட்டும் அம்மாவுக்காக விட்டுருங்க." சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த மேடையை விட்டு இறங்குமுன் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

செய்தித்தாளில் எழுதியிருக்கிறார்கள், 'கரடிக்கு அஞ்சாத வீராங்கனை' என்று. யார்? நம் சசாமோரி கினுயோ அம்மையாரா? நமது பழம் பறிக்கும் குழுவின் தலைவியா? இந்த ஊரில் அவரைப் போலக் கரடிக்குப் பயந்தவர் எவரும் கிடையாது! பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து நம் காதைச் செவிடாக்கியவர் அவர். குப்பை கொட்டப் போனாலும் கரடியை விரட்ட இடுப்பில் மணி. நடந்தால் உரக்கப் பாட்டு. "இந்தக் குரலுக்குக் கரடி என்ன, கட்டின புருஷனே மலை ஏறிருவான்" என்று குடோ ஐயா கேலி செய்வார். அம்மையார் அதற்கும் சேர்த்து இன்னும் உரக்கப் பாடுவார்.

பயந்தவர் என்ன செய்தார்? துப்பாக்கியா கேட்டார்? கூடையைத் தூக்கினார்! பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, முற்றத்துப் பெர்சிமன் பழ மரங்கள் மட்டும் ஆண்டு தவறாமல் காய்க்கின்றன. மலையில் கொட்டைகள் பொய்த்த ஆண்டில் கரடி அந்தப் பழத்துக்கு இறங்கி வருகிறது. இறங்கி வந்தால் சுட வேண்டியிருக்கிறது. கடையில் சோயாக் கட்டி விற்கும் என்னிடம் அவர் சொன்னது இது: "டோஃபுக்காரரே, கரடி மேல எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. அது அங்க இருக்கட்டும், நான் இங்க இருக்கேன். நடுவுல பழம் மட்டும் இருக்கக் கூடாது."

இவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. இதை வைத்துக்கொண்டு ஊரையே வேலை வாங்கினார். ஏறத் தெரிந்தவர்கள் ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் கரடி ஒளிந்து வரும் ஓடைக்கரைப் புதரை வெட்டினார்கள். குனிய முடியாதவர்கள் பழத்தைச் சீவி நூலில் கோத்துக் காயவைத்தார்கள். அதுவும் முடியாதவர்களை வண்டியில் உட்கார வைத்து ஹார்ன் அடிக்கச் சொன்னார். டோக்கியோவிலிருந்து வந்த ஒரு பெண், கரடியைப் படம் எடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டாள். "பாக்கணும்னா மிருகக்காட்சிசாலைக்குப் போம்மா. பாக்காம இருக்கத்தான் இங்க வேல செய்றோம்" என்றார். அந்தப் பெண் மறு ஆண்டு தன் அலுவலகத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

உச்சியில் ஒரு பழத்தை விட்டுவைப்பது நம் முன்னோர் வழக்கம். மரத்துக்கு நன்றி, பறவைக்குத் தீனி, அடுத்த ஆண்டு விளைச்சலுக்கு வேண்டுதல். முதலில் கினுயோ அம்மையாரும் விட்டார். அந்த ஒற்றைப் பழத்துக்காக மருத்துவமனைப் பின்கட்டு மரத்துக்கு ஒரு தாய்க்கரடி குட்டியோடு வந்தது. விடிந்துவிட்டது, ஜனம் கூடிவிட்டது, அதற்குத் திரும்பிப் போக வழியில்லை. குடோ ஐயா, தலையைக் குனியாதீர்கள். அன்று நீங்கள் சுட்டிருக்காவிட்டால் யாரோ செத்திருப்பார்கள். ஆனால் குட்டி மரத்தைவிட்டு இறங்காமல் அழுததே, அது என் கடை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து கினுயோ அம்மையார் ஒரு பழம்கூட விட்டதில்லை. "மரத்துக்கே ஒண்ணு விடாத கஞ்சப் பிசினாறி" என்று ஏசினோம். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இப்போது ஊரெல்லாம் பேச்சு, அவரைக் கரடி கொன்றுவிட்டதாம். இல்லை! நான் அங்கே இருந்தேன். ஊர் மரங்களையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத் தன் வீட்டு மரத்தில் ஏறியிருந்தார். ஓடைக்கரையில் தாயும் குட்டியுமாக வந்து நின்றதை முதலில் பார்த்தவரும் அவர்தான். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னார்: "யாரும் ஓடாதீங்க. பேசிக்கிட்டே வண்டிக்குப் போங்க. நான் வந்துர்றேன்." நாங்கள் வண்டியை அடைந்தோம். ஏணிப் படியில் உறைபனி. கால் வழுக்கியது. விழுந்த சத்தத்தில் கரடி மிரண்டுபோய் ஓடைக்குள் இறங்கி ஓடிவிட்டது. அவரைத் தொடவே இல்லை.

மிசுஹோ கேட்டாள், "அது வந்ததாலதான அம்மா அவசரமா இறங்குனாங்க? அப்புறம் என்ன வித்தியாசம் மாமா?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மரத்தில் பாதிப் பழம் இன்னும் தொங்குகிறது. அன்று வந்த அதே தாய், அதே குட்டி, தினமும் பொழுது சாய்கையில் ஓடைக்கரையில் வந்து நிற்கின்றன. அந்த வழியாகத்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். அதைத் தாண்டி வீடுகளுக்கு நடுவே வந்தால் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்று குடோ ஐயா சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் பயம்தான். இழப்புக்கு மேல் இழப்பாக இதையும் தாங்குமா இந்த ஊர்?

ஆகவே நாளைக் காலை, பனி உருகியதும் பறிப்போம். மணியும் கூடையும் கொண்டு வாருங்கள். தனியாக எவரும் வராதீர்கள். வர முடியாதவர்கள் கரடிக்கு வாடை போகாதபடி வீட்டுத் தவிட்டு டப்பாவை இறுக மூடுங்கள், நாய்ச் சோற்றை உள்ளே எடுத்து வையுங்கள். அதுவும் அவர் வேலைதான். அவர் போன பிறகும் அந்த வேலை நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் பறிப்போம். இது அவர் படத்துக்கு முன் நாம் கொடுக்கும் வாக்கு.

மிசுஹோ, உன்னிடம் இதைச் சொல்வதற்குக் கரடிக்குப் பயப்படுவதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். உச்சியில் அந்த ஒன்றையும் விட முடியாது அம்மா. விட்டால் அந்தத் தாய் அதற்கும் ஏறும். அந்தப் பழத்தைப் பறித்து உன் கையில் தருகிறேன், அம்மாவின் படத்துக்கு முன்னால் நீயே வை. நான்தான் ஏறுவேன். என் கால் நடுங்கும், அதை மறைக்கமாட்டேன்.

ஏணியை நீ பிடித்துக்கொள்.