வெங்காயம் அரியாத வாள்

பெயர் பாவாடை, வயது 61, தகப்பனார் பெயர் சின்னக்கண்ணு, காலனித் தெரு, வடக்கனந்தல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் போலீஸ் ஐயாவிடம் கொடுத்த வாக்குமூலம்.

நான் நாற்பது வருடமாகக் கரும்பு வெட்டும் கூலி வேலை செய்கிறேன். என் மகன் கவியரசன், வயது 34, ராணுவத்தில் மேஜராக இருக்கிறான். போன வருடம் அவனுக்கு மாறுதல் வந்தபோது ரெஜிமெண்டில் மரியாதையாக ஒரு வாள் கொடுத்தார்கள். தங்க முலாம் பூசிய கைப்பிடி, சிவப்புப் பட்டுக் குஞ்சம், அலகில் பூவேலையும் அவன் பெயரும். அதற்குக் கூர் கிடையாது. லீவில் வரும்போதெல்லாம் அதை உருவி, என் மகள் இசைவாணியின் பெண் தனுஷாவிடம், வயது 8, கைப்பிடியைக் கொடுப்பான். அலகைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொல்வான். அவள் இழுப்பாள், கையில் ஒன்றும் ஆகாது, எல்லோரும் சிரிப்போம்.

சென்ற ஆவணியில் வீட்டுக்கு வந்த என் மைத்துனர் கொளஞ்சியப்பன், அந்த வாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, மேஜரு கத்தி வெங்காயங்கூட அரியாது போலக்கீதே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக் கத்தியை மழுங்கல் என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அதன் பிறகு, ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் கத்தி, அரிவாள்களைத் தீட்டும்போது அந்த வாளையும் எடுத்து, கல்வராயன் மலை ஓடையிலிருந்து கொண்டுவந்த கல்லில் மூன்று நாள் தீட்டினேன். மகன் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உறையில் போட்டுப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்தேன்.

நேற்று முற்பகல் சுமார் 11 மணிக்குப் பூஜை முடிந்தது. அதன் பிறகு நான் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனபோது, உள்ளே என் மகன், "இழுடி, ஒண்ணும் ஆவாது" என்று சொன்னது கேட்டது. காயைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் இரண்டு கையாலும் இழுத்துவிட்டாள். தரையில் குங்குமம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகன் கையைப் பார்த்தான், வாளைப் பார்த்தான், அதன் பிறகு என்னைப் பார்த்தான்.

மூன்று விரலில் நரம்பு அறுந்திருக்கிறது, இனி மடங்குமா என்று ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அவன் சல்யூட் அடிக்கிற கை அது.

கால் வழுக்கி வாள்மேல் விழுந்ததாக என் மகன் ஐயாவிடம் சொல்லியிருக்கிறான். அது உண்மையல்ல, எங்களுக்காகச் சொன்னது. தீட்டியவன் நான். வேறு யார்மீதும் எனக்குச் சந்தேகமோ புகாரோ இல்லை.

தனுஷா நேற்றிலிருந்து குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். தப்பு தாத்தாவுடையது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நான்தான இழுத்தேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

இதில் உள்ளது எல்லாம் நான் சொல்ல, ஐயா எழுதியது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. ஐயா அவர்கள் இதே காக்கிச் சட்டையோடு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, இதை அவளுக்கும் படித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். போலீஸ் எழுதினால் நம்புவாள்.

(ஒப்பம்) சி. பாவாடை