இடக்கைக்கு மகன், வலக்கைக்கு மருமகன்

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, தாம் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று மட்டும் நம்மைக் கேட்கும் கண் மருத்துவரும் இந்த அவையின் தலைவருமான பெருந்தகையே, கோப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கும் வெற்றி ஜோடியே, 'மெதுவா, மெதுவா' என்ற ஒற்றைச் சொல்லாலேயே இந்தச் சங்கத்தைக் கட்டி மேய்க்கும் பயிற்சியாளர் அம்மையாரே, புல்லைச் சீவிப் பட்டாக்கும் பணியாளர்களே, பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமைக் கணவன்மாரை மன்னித்துப் பழகிவிட்ட தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து, நான் தொடங்கும் முன்னரே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் என் அருமைத் துணைவியே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

வென்றவர்களுக்குக் கோப்பை, தோற்றவர்களுக்கு ஒலிவாங்கி. இது நம் கோல்ஃப் சங்கத்தின் விசித்திர வழக்கம். இறுதி ஆட்டத்தில் தோற்றவர் மேடையேறிப் பேச வேண்டும். இந்த ஆண்டு தோற்றவர்கள் இருவர். ஒருவர் என் அப்பா, மற்றவர் என் மாமனார். இருவருமே 'அவரைப் பேசச் சொல்' என்று ஒருவரை ஒருவர் கைகாட்டியதால், இருவருடைய மட்டைப் பைகளையும் சுமந்த நான் இந்தச் சுமையையும் சுமக்க வந்திருக்கிறேன்.

நண்பர்களே, கோல்ஃப் மட்டையை வீசும்போது வேலை செய்வது எந்தக் கை? வழி சொல்வது எது? வலிமை தருவது எது? ஆள்வது எது, அடங்குவது எது? சிறிய கேள்விதான். இந்தச் சிறிய கேள்விதான் என் குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது!

என் அப்பா சட்டைக் கடையில் கட்டிங் மாஸ்டர். மேசைமேல் துணியை விரித்து, இடக்கையால் அழுத்தி, அது இழைகூட நகராமல் நிறுத்திய பிறகே கத்தரியை எடுப்பவர். பிடிக்கிற கை சரியாக இருந்தால் வெட்டுகிற கை தானாக வரும் என்பது அவர் கட்சி. என் மாமனார் பெரிய விருந்து மண்டபத்தின் மேற்பார்வையாளர். பரிமாறுபவராகச் சேர்ந்து, நிறைந்த தட்டுகளை வலது உள்ளங்கையில் ஏந்தி, கூட்டத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் புகுந்து புறப்பட்டு மேலே வந்தவர். உழைக்கிற கை வலக்கை, மற்றது ஒப்புக்கு ஒட்டியிருக்கிறது என்பது அவர் கட்சி.

கல்யாணம் முடிந்த புதிதில் இருவரும் இதே மைதானத்துக்கு ஒன்றாக வந்தார்கள். நான்கு பேர் முன்னிலையில் அப்பா ஒரு வார்த்தை விட்டார்: "வலது கை சும்மா கூட வந்தா போதும் சம்பந்தி." மாமனாரின் முகம் சிவந்தது. "இந்தக் கையாலதான் என் குடும்பத்தத் தூக்கி நிறுத்தினேன். சும்மா வந்த கை இல்ல இது," என்றார். அத்தோடு பேச்சு நின்றது. மாதக்கணக்கில் நின்றது. ஒருவர் வீட்டுக்கு வந்தால் மற்றவர் கிளம்பிவிடுவார். படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள், ஏறுவார்கள்.

என் துணைவிக்கு இப்போது நிறைமாதம் நெருங்குகிறது. ஒரு மாலை, அவளுடைய அப்பா போய் என் அப்பா வந்து, அவரும் போன பிறகு, காலியான இரண்டு காப்பி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "குழந்தை பொறக்குற அன்னைக்கு ரெண்டு பேரும் அந்த ரூம்ல ஒண்ணா நிக்கணும். ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளியன்னா யாருமே வர வேணாம்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாகச் சொன்னாள். நான் இடக்கைக்கு மகன், வலக்கைக்கு மருமகன். நடுவில் நெஞ்சாக நின்று அடி வாங்குபவன் நான்தானே!

அந்த வேளையில்தான் ஜோடிப் போட்டி வந்தது. புதிதாக வந்திருக்கும் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்: இதில் இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்து விழுந்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும், மாறி மாறி, குழியில் விழும்வரை. யாரோடு யார் என்று தலைவர் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார். குலுக்கினார், எடுத்தார், வாசித்தார். அப்பா, மாமனார், ஒரே ஜோடி! தலைவரே, அந்தச் சீட்டை நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்தீர்களா, போடாமல் எடுத்தீர்களா? (தலைவர் சிரிக்கிறார்.) விலகினால் 'பயந்துட்டாரு' என்று மற்றவர் சொல்லிவிடுவாரே! ஆகவே இருவரும் விலகவில்லை, பேசவும் இல்லை.

முதல் பயிற்சி ஆட்டம் எப்படி இருந்திருக்கும்? அப்பா இடக்கையை இரும்புக் கம்பியாக இறுக்கிக்கொள்வார். அந்த இறுக்கத்தில் வலக்கை மடங்காது, மட்டை இடுப்புக்கு மேல் எழாது. பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும், கூப்பிடு தூரத்திலேயே நின்றுவிடும். மாமனார் மட்டையை அழகாகத் தூக்குவார், உச்சிக்குப் போனதும் வலக்கையால் ஓங்கி எறிவார். பாவம் அந்த இடக்கை, முழங்கையில் ஒடிந்து ஒதுங்கிவிடும். பந்து வெகுதூரம் போகும், ஆனால் மரங்களுக்குள் போகும். ஒருவரிடம் வழி இருந்தது, வலு இல்லை. மற்றவரிடம் வலு இருந்தது, வழி இல்லை!

பயிற்சியாளர் அம்மையார் பார்த்தார். நீண்ட வகுப்பு எடுக்கவில்லை. அப்பாவை வலக்கையால் மட்டும் வீசச் சொன்னார், மாமனாரை இடக்கையால் மட்டும். கட்டிங் மாஸ்டரின் வலக்கை தள்ளாடியது. மேற்பார்வையாளரின் இடக்கை மட்டையைத் தூக்கவே திணறியது. இருவரும் அடித்த பந்துகள் எலிக்குஞ்சுகளைப் போலக் காலடியிலேயே உருண்டன. ஒருவர் தவிப்பதை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தார். சிரிக்க முடியவில்லை, தன் நிலையும் அதேதானே!

பிறகு தொடங்கியது தூது. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அப்பா என்னிடம், "உன் மாமனார்கிட்ட சொல்லுப்பா, துணி நழுவாம இழுத்துப் பிடிக்கிற மாதிரி இடது கைய நீட்டி வெச்சுக்கணும், ஆனா விறைக்கக் கூடாதுன்னு," என்பார். தாம் செய்யாததைத்தான் சொல்கிறார், இருக்கட்டும். மாமனார் வானத்தைப் பார்த்து, "மாப்பிள்ள, உங்கப்பாகிட்ட சொல்லுங்க, மேல போனதும் வலது உள்ளங்கைல தட்டு இருக்குறதா நெனைக்கணும், முழங்கை தரையப் பாக்கணும்," என்பார். இருவர் காதிலும் நேராகவே விழுந்தது. இருந்தும் நான் இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள்!

என்ன? இடக்கைக்காரர்கள் என்ன செய்வதென்று கேட்கிறீர்களா, ஐயா? நான் சொல்வதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்!

அப்படிக் கற்றார்கள் அன்பர்களே, அப்படிக் கற்றார்கள்! மட்டை எழும்போது இடக்கை நீண்டு வட்டம் வரைகிறது, வலக்கை மடங்கி அதற்கு வழிவிடுகிறது. மட்டை இறங்கும்போது இடக்கை இழுத்துக் கொடுக்கிறது, வலக்கை விலாவை ஒட்டி வந்து, பந்தருகே நிமிர்ந்து விசையைக் கொட்டுகிறது. பந்து பறந்த பிறகோ, வலக்கை நீள்கிறது, அதுவரை நீண்டு நின்ற இடக்கை மடங்கி அடங்குகிறது. ஒன்று நீளும்போது ஒன்று மடங்க வேண்டும், ஒன்று மடங்கும்போது ஒன்று நீள வேண்டும். இரண்டும் ஒருசேர விறைத்தால் வீச்சே இல்லை!

வென்றார்கள், மேலும் வென்றார்கள், இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்கள். கடைசிக் குழி வரை சமநிலை. முதல் அடி மாமனாருடையது. இடக்கை ஒடியவில்லை, பந்து மரங்களை மறந்து மைதானத்தின் நடுவே போய் அமர்ந்தது. அடுத்த அடி அப்பாவுடையது. எதிரே குளம். குளத்துக்கு அப்பால் குழி. அந்தத் தூரத்தை அப்பா தம் வாழ்நாளில் அடித்ததில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு போக, பையிலிருந்து சின்ன மட்டையை உருவினார்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவின் அருகே வந்தார்.

"சம்பந்தி. இடது கையப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்த ஒரு தடவ வலது கைய நம்புங்க."

அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். சின்ன மட்டையைப் பையில் போட்டுப் பெரியதை எடுத்தார். இடக்கை நீண்டது, விறைக்கவில்லை. வலக்கை மடங்கி, தட்டேந்தி உச்சியில் நின்றது. பிறகு இறங்கியது, நிமிர்ந்தது, கொட்டியது! பந்து எழுந்தது, குளத்தைத் தாண்டியது, குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. வெட்கமின்றிச் சொல்கிறேன், பை இரண்டையும் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

அப்படியானால் தோற்றது எப்படி என்கிறீர்களா? குழியருகே பந்தைத் தட்டிவிட வேண்டியவர் மாமனார். உற்சாகத்தில் கொஞ்சம் ஓங்கித் தட்டிவிட்டார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. எதிரணி தங்கள் பந்தைக் குழியில் போட்டது. கோப்பை போனது.

"மெதுவாத் தட்டியிருக்கலாமே, சம்பந்தி?" என்றார் அப்பா. "குளத்தத் தாண்ட வெச்சதே நான்தானே, சம்பந்தி," என்றார் மாமனார். அங்கே தொடங்கிய வழக்கு வண்டி நிறுத்துமிடம் வரை வந்தது. நேருக்கு நேர், முகத்துக்கு முகம். தூதன் பின்னால் வருகிறானா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை போன மகிழ்ச்சியை அன்றுதான் நான் அறிந்தேன்!

வண்டியருகே என் துணைவி நின்றிருந்தாள். இருவரும் ஒன்றாகச் சண்டையிட்டுக்கொண்டே வருவதைப் பார்த்து, வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டாள். மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமனார் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு ரெண்டு வண்டி எதுக்கு, சம்பந்தி? என் வண்டியிலயே வந்துடுங்க."

அப்பா யோசித்தார். "வர்றேன். ஆனா நீங்க ஓட்டுற வேகத்துக்கு நான் வர மாட்டேன். நான் ஓட்டுறேன்."

என் துணைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவையோரே, கேளுங்கள்! கோப்பை கிடைத்திருந்தால் அதை யார் வீட்டில் வைப்பது என்று மறுபடியும் பேச்சு நின்றிருக்கும். தோற்றோம், துலங்கினோம்! பந்தை விட்டோம், பந்தத்தைப் பிடித்தோம்! இரு கையும் சேராமல் ஒரு மட்டை எழுமா? இரு தந்தையும் சேராமல் என் வீட்டில் ஒரு தொட்டில் ஆடுமா? ஆடாது என்று பயந்தேன். இனிப் பயமில்லை!

கடிகாரம் மறுபடியும் தட்டப்படுகிறது. இதோ முடித்துவிட்டேன், துணைவியே. பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், சீட்டெடுத்த தலைவருக்கும், ஒற்றைக் கையால் வீசவைத்த பயிற்சியாளர் அம்மையாருக்கும், எங்களை நேர்மையாக வென்ற ஜோடிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வரும் மாதம் மருத்துவமனை வாசலில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே வண்டிதான் நிற்கும். அதை யார் ஓட்டுவது என்பது மட்டும் இந்த நிமிடம்வரை, அதோ மூன்றாவது வரிசையில் அருகருகே உட்கார்ந்திருக்கும் அந்த இருவரிடையே, முடிவாகவில்லை. வணக்கம்!