தனி அறை இருக்கெண்டு சொன்ன பிள்ளை

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். மனோர் பார்க் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவள் சூப்பர் மார்க்கெட் சீருடையில் இருந்தாள். பஸ் புறப்பட்டதும் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

“மகளைப் பொய் சொல்லப் பழக்கிப்போட்டன், அக்கா.”

“என்ன பொய்?”

“வீட்டில எங்க இருந்து படிக்கிறனி எண்டு ரீச்சர் கேட்டவவாம். தனி அறையும் மேசையும் இருக்கெண்டு சொல்லச் சொல்லி விட்டனான். அவவுக்கு ஏன் அந்த விசாரணை? அஞ்சு பேரும் ஒரே அறையில படுக்கிறம் எண்டு இந்த நாட்டுக் கவுன்சில்காரருக்குச் சொல்லி, அவை வந்து பிள்ளையைப் பறிக்கத்தானே?”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“என்ர மகனிட்டயும் கேட்டவ. கட்டிலில இருந்துதான் எழுதிறனான் எண்டு சொல்லிப்போட்டான். இப்ப பள்ளிக்கூடம் முடிய, அங்கயே மேசை குடுத்து, பக்கத்தில இருந்து கணக்கும் சொல்லிக்குடுக்கினம். வீட்டில இடமில்லாத பிள்ளையளுக்கு மட்டுந்தானாம்.”

“சும்மாவோ?”

“ஓம், சும்மாதான்.”

“அதுக்குப் பிறகு ஒருத்தரும் வீடு பாக்க வரேல்லையோ?”

“இல்லையடி.”

“இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ.”

இளையவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள், கதவு திறந்த பிறகும் நின்று, குனிந்து மெல்லச் சொன்னாள்.

“அங்க இன்னும் இடம் இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ, அக்கா. ஆனா என்ர பேரைச் சொல்லிப்போடாதேங்கோ.”