ஒரு நீண்ட விசில்

உங்கள் பொலிஸ் கோப்பி வாயில் வைக்கிற மாதிரி இல்லை. பரவாயில்லை, குடிக்கிறேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தப் பிள்ளை பார்கவி சென்னைக்காரி, நான் சொல்வதில் பாதி அவளுக்கு விளங்காது. தாரா என்றால் வாத்து, பிள்ளை. துவக்கு என்றால் துப்பாக்கி. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை எழுதிவிடலாம்.

பெயர் பேரின்பநாதன். புரோசார்ட்டுக்கு அங்காலே, சோளக்காட்டு ஓரத்தில் என் இடம் இருக்கிறது. இருபத்துநான்கு வருடமாக வேட்டைக்கு லாப்ரடோர் நாய்களைப் பெருக்கிப் பழக்குகிறேன். கோயிலுக்குப் போனால் எங்கள் ஆட்கள் 'நாய்க்கார நாதன் வாறார்' என்று ஒதுங்கி நிற்பார்கள். எல்லோரும் டாக்டரையும் எஞ்சினியரையும் பெற்றவர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது முதல் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். என் நாய்கள் பார்க்கும்.

வேலை இதுதான். சுடப்பட்ட தாரா தண்ணீரில் விழும். நான் சொல்லும்வரை நாய் அசையக் கூடாது. சொன்னதும் நீந்திப் போய், இறகு கசங்காமல் கவ்விக்கொண்டு வர வேண்டும். போகிற வழியில் நான் ஒரு நீண்ட விசில் ஊதினால், முன்னால் என்ன கிடந்தாலும் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். குட்டி விசில் மூன்று ஊதினால் கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த நீண்ட விசிலைப் பழக்க மட்டும் இரண்டு வருடம் பிடிக்கும். பட்டணத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், நாய்க்குச் சுவெற்றர் போட்டுப் பிறந்தநாள் கேக் வெட்டுகிற சனத்துக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

என் மருமகன் றொக்சன் அந்தச் சனத்தில் ஒருவன். மகள் நிரோஜாவின் புருஷன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் கெட்டித்தனம் வேண்டும். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் சீஸ் வாங்கிவந்து என் நாய் றாணிக்கு வாயில் தீத்துவான். வேலை செய்யாத நேரத்தில் நாய்க்கு எதற்குச் சன்மானம் என்று கேட்டால் பல்லைக் காட்டுவான்.

றாணி ஏழாவது தலைமுறை. முதல் ஆறிலும் நான் தேடியது அவளைத்தான். அவளுடைய கூடப்பிறந்தவை எல்லாம் வேட்டைக்காரர்களிடம் போய்விட்டன. வம்சத்துக்கென்று நான் வைத்துக்கொண்டது அவள் ஒருத்தியைத்தான். ஒரே ஒரு தடவை குட்டி போட்டிருந்தாள், அதில் ஒன்றும் தேறவில்லை. அடுத்த தடவைக்கு ஒன்ராரியோவில் ஒரு கடுவன் நாயைப் பார்த்துப் பேசி வைத்திருந்தேன்.

மாசி மாதம் அக்காவின் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போனேன். மூன்று கிழமை. நாய்களை றொக்சனிடம் விட்டுவிட்டுப் போனேன், என் பிழை அது. திரும்பி வந்தபோது றாணியின் வயிறு மழிக்கப்பட்டிருந்தது. நடுவில் தையல்.

"கோவிக்காதேங்கோ மாமா. பாவம், குட்டி போட்டுப் போட்டு அவள் என்னத்தைக் கண்டாள்? கர்ப்பப்பையை எடுப்பிச்சுப்போட்டன். இனி நிம்மதியா இருப்பாள்" என்றான்.

"அவர் நல்லதுக்குத்தான் செய்தவர் அப்பா" என்றாள் நிரோஜா.

நாய் மகளின் பெயரிலும் பதிவாகியிருந்தது. வைத்தியரிடம் அவள்தான் கையெழுத்து வைத்திருக்கிறாள். நான் "ஓம், பரவாயில்லை" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று இருவரும் நினைத்தார்கள். ஒருவன் இருபத்துநான்கு வருடத்தை ஒரு பின்னேரத்தில் வெட்டி எறிந்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தான். அதில் சீனியும் கூட.

அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒரே கரைச்சல். "என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன் மாமா." கார்த்திகையில் தாரா வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சுவரை வருகிற றப்பர் காற்சட்டை புதிதாக வாங்கிப் போட்டிருந்தான். மிதவை அங்கி காரின் பின்சீற்றில் கிடந்தது. நான் கண்டேன், சொல்லவில்லை. வளர்ந்த ஆளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நானும் றாணியும் கரையில் நாணலுக்குள் நின்றோம். அவன் சின்னப் படகில் போய், பறக்கிற தாராக்களை ஏமாற்றி இறக்கப் பொய்த் தாராக்களை மிதக்கவிட வேண்டும். சூரியன் வரும் அழகைப் படம் எடுக்கிறேன் என்று படகில் எழும்பி நின்றான். விழுந்துவிட்டான். நான் தள்ளவில்லை, அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை. காற்சட்டைக்குள் தண்ணீர் போனால் கல்லைக் கட்டிவிட்டதற்குச் சமம். அவன் என்னைக் கூப்பிடவில்லை. "றாணி, றாணி" என்றுதான் கத்தினான்.

நான் சொல்லாமலே றாணி பாய்ந்துவிட்டாள். அவளால் ஒரு ஆளைக் கரைக்கு இழுத்துவர முடியும், அவளுடைய கழுத்துப்பட்டியை அவன் பிடித்தால் போதும்.

அந்தப் பட்டியில் ஜீபீஎஸ் இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் நீங்கள் அச்சடித்து மேசையில் வைத்திருக்கிறீர்கள். கரையிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேரே போகிறது. அவனுக்கு எட்டு மீற்றரில் நிற்கிறது, பிறகு திரும்புகிறது. நாய் குளிருக்குப் பயந்து திரும்பிவிட்டது, இது விபத்து என்று என் வக்கீல் சொல்கிறார். நீங்களும் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் கையெழுத்து வைத்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

நேற்று நிரோஜா நாய்க்கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து அழுதாள். "ஏன் றாணி அவரை விட்டிட்டு வந்தனீ?" என்று கேட்டாள். என் மகள், என் வீட்டில், என் நாயைப் பார்த்துக் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

பயந்து திரும்புகிற நாயை நான் வளர்க்கவில்லை. அதை வெட்டிவிட்டு எழுதுங்கள். பிள்ளை, நீயும் சரியாகச் சொல். பேரின்பநாதன் நீண்ட விசில் ஊதினான், றாணி நின்றாள். றொக்சனின் கை தண்ணீருக்குமேலே தெரிந்தது. அந்தக் கை போகும்வரை அவளை அங்கேயே நிறுத்தி வைத்தான். பிறகு மூன்று குட்டி விசில் ஊதினான், அவள் வந்தாள். றொக்சனைக் கொன்றது நான். என் நாய் ஒரு பிழையும் விடவில்லை.

எழுதியாயிற்றா? தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். முதல் விசிலுக்கு அவள் நிற்கவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம்.